பேய்க்காட்டிய பாட்டுக்காரர்

கிழமை நாட்களில் எனக்கு ஹேர்னிங் என்ற ஐரோப்பிய நகரத்தில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் நகரத்து மண்டபம் ஒன்றில் ஒலிப் பொறுப்பு. தமிழ்க் கல்யாணங்களுக்கும் மாதா திருநாளுக்கும் மைக் பூட்டிப் பூட்டிப் பழகிய தொழில். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். தலைமயிர் கொட்டிவிட்டது. துணிச்சல் அதற்கும் முதலே கொட்டிவிட்டது.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேடையருகே குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். திடீரென்று தலைக்கு மேலே ஓர் ஆண்குரல் எழும்பியது. மெல்லிய, உயர்ந்த குரல். வாத்தியம் எதுவும் இல்லை, ஒரேயொரு வரி மட்டும். நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் ஒருவரும் இல்லை.

இப்படியான வேளையில் ஒரு தைரியசாலி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் சிலுவை போட்டேன். போட்ட வேகத்தில் மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டு விழுந்தது. குனிந்து எடுக்கப் பயந்து, கண் தெரியாமல் ஓடி, துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் யோசித்தேன்: பேய்க்குப் பூட்டு ஒரு பொருட்டா?

மனைவிக்குப் போன் எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் எதையோ அமத்த, அவளுடைய குரல் போனின் ஒலிபெருக்கியில் அலறியது.

"இஞ்சரப்பா, பட்டப்பகலிலை என்ன பேய்? சாப்பிட்டனீங்களே?"

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் என் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார முதியவர். அன்று மாலை பாட வந்திருந்தவர். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒரு பொப் குழுவின் பாடகர். நான் அகதியாக வந்திறங்கிய முதல் மாரியில், முகாமின் ரேடியோவில் அவர்களுடைய பாட்டுத்தான் நாள் முழுக்கப் போகும். ஒரு சொல்லும் விளங்காமல் முழுப் பாட்டையும் பாடமாக்கியிருந்தேன். அந்த மனிதர் முன்னால் நான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தப் பதற்றத்தில் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்டது.

"பயப்பிடாதையும். நான்தான் பின்னாலை ஒலி மிக்சரடியிலை நிண்டு பதிவைப் போட்டுப் பாத்தனான். அது என்ரை கூட்டாளியின்ரை குரல். ஆள் செத்துப் போச்சுது."

பாட்டின் நடுவில் எல்லோருக்கும் பிடித்த அந்த உச்ச வரியைப் பாடியது இவரில்லையாம். முகம் இவருடையது, உச்சக்குரல் மற்றவருடையது. இப்போது ஊர் ஊராகத் தனியே போகிறார். அந்த இடம் வந்ததும் பதிவைப் போடச் சொல்லிவிட்டு, தான் வாயை மட்டும் அசைக்கிறார்.

போன் இன்னும் அணையவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

"அப்ப அந்தாள் பாடுறேல்லையே? காசு குடுத்து வாற சனத்தை நல்லாப் பேய்க்காட்டுறார்!" என்று சிரித்தாள்.

பாடகரும் சிரித்தார். "அம்மா என்ன சொல்லுறா?"

பேய்க்காட்டுவது என்றால் எங்கள் பேச்சில் ஏமாற்றுவது. அதற்குள் பேயும் இல்லை, காட்சியும் இல்லை. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த என் மூளைக்கு அகராதி திறக்கவில்லை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்: "நீங்கள் சனங்களுக்கு ஒரு பேயைக் காட்டுறீங்களாம்."

அவருடைய சிரிப்பு நின்றது. மேடை விளிம்பில் போய் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

மழை ஓயாத ஒரு துறைமுக ஊர், இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், மீன் பொரிக்கும் கடைக்கு மேலே ஒத்திகை. பிறகு தோளில் பஞ்சு வைத்த சட்டைகள், தொலைக்காட்சி, அலறும் ரசிகைப் பெட்டைகள். பத்திரிகைகள் இவருடைய படத்தையே போட்டன. மற்றவர் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் கொஞ்சக் காலம் கம்பளம் விற்றார். மரண வீட்டில்தான் திரும்பச் சந்தித்தாராம். "அவன்ரை மரண வீட்டிலை" என்று திருத்திச் சொன்னார்.

"உம்முடைய மனிசி சரியாத்தான் சொல்லுறா. இண்டைக்குப் பதிவு வேண்டாம்."

என் மொழிபெயர்ப்பால் ஒரு மனிதர் மேடையில் அவமானப்படப் போகிறார்! "ஐயோ, அது பேயில்லை, ஏமாத்திறது எண்டுதான் அர்த்தம்" என்று ஓடிப் போய்த் திருத்தினேன்.

"அது இன்னும் சரி," என்றார்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. மேடையில் இரண்டு மைக் வைக்கச் சொன்னார். ஒன்றின் பின்னால் அவர், மற்றதன் பின்னால் ஒருவரும் இல்லை. பதிவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். தடுமாறினால் என்னைப் பார்ப்பார், பார்த்தால் ஏற்றிவிடுவது என்பது என் திட்டம். தவறி ஏற்றிவிடாமலிருக்க மற்றக் கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. உச்ச வரியை எட்டிப் பிடிக்கவும் முயலவில்லை. தன்னுடைய கீழ்க்குரலை மட்டும், மேலே வரவேண்டிய உச்சக்குரல் இல்லாமல், நேராகப் பாடிக்கொண்டு போனார். சனம் குழம்பியது. கூடப் பாட எடுத்த வாய்கள் பாதியில் நின்றன.

அப்போது எனக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. மெல்லியதாக, முழு வரியும்.

குனிந்து பார்த்தேன். ஃபேடர் அடிமட்டத்தில்தான் இருந்தது. நிமிர்ந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் ஆளில்லாத மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்தார். சட்டை வியர்வையில் தோய்ந்து போயிருந்தது.

"போட்டனீரோ?"

"சத்தியமா நான் தொடேல்லை."

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கீழை பிழையில்லாமல் பிடிச்சால்தான் அவன் மேலை ஏறுவான். எப்பவும் அப்பிடித்தான்."

எல்லோரும் போன பிறகு மேடையைக் கழற்றினேன். அவருடைய மைக்கைச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மற்றதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, "அண்ணை, ஒருக்கால் விலகுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன்.