காய்ச்சாத ரசம்

இனிமையான குரல் உள்ளவர்களை எனக்குப் பிடிக்காது. செல்வதாஸ் என்ற மனிதரின் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கருங்கல் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு மாடியறையிலிருந்து ஒலிபரப்பாகும் எங்கள் ஊர் வானொலியில், காலையில் ‘வீடும் சுகமும்’ என்ற நிகழ்ச்சியில் வருவார். சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் பேச்சைக் கேட்டால் நாலு பேருக்கு இதயத்தை அறுத்துத் தைத்தவர் என்று தோன்றும். மூட்டுவலி, சர்க்கரை நோய், கிணற்றில் உப்புச் சுவை, பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். போன் செய்கிற எல்லோரும் அவருக்கு மக்கா. தெரியாது என்று அந்த ஆள் ஒரு நாளும் சொன்னதில்லை.

என் தங்கை தேவகனி அவருடைய பக்தை. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆளை இழுக்காமல் அவள் கதையைச் சொல்ல முடியவில்லை என்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

தேவகனி பள்ளிக்கூடத்தை விட்டதும் அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கொட்டையின் பால் பட்டு விரல் தோல் உரிந்து, பிறகு கறுத்து, கடைசியில் அந்தக் கறுப்பே நிறமாகிப் போனது. அங்கே பெண்கள் யாராவது ஒருத்தியின் போனில் வானொலியைப் பாட விட்டு வேலை செய்வார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசிப் பழக்கம் கிடையாது. அதட்டாமல் ஓர் ஆண்பிள்ளை பேசுவதை அவள் அந்த வானொலியில்தான் முதலில் கேட்டிருப்பாள். மெதுவாகப் பேசுகிறவன் நல்லவன் என்று முடிவு செய்துவிட்டாள்.

கட்டிக்கொண்டு போனவன் பொன்னுலிங்கம், கொத்தனார். கேரளத்தில் கட்டட வேலை. சனிக்கிழமை ஊருக்கு வருவான். பல வாரம் கண்டக்டர்தான் அவனைப் பிடித்து இறக்கி விடுவார். குடித்தால் கத்துவான், குடிக்காவிட்டால் முறைப்பான். ஒருமுறை விருந்துக்குப் போன என் மனைவியின் முன்னால் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தான். அன்றோடு அந்த வீட்டுப் படி ஏறுவதை நான் நிறுத்தினேன். விட்டுவிட்டு வந்துவிடு என்று தங்கையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் எங்கே கேட்டாள்.

போன வருஷம் அவன் வயிற்றில் நீர் கோத்து ஈரல் கெட்டுப்போனது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நாங்கள் அய்யாவழிக்காரர்கள், அய்யாதான் எங்களுக்குச் சாமி. தேவகனி அவனை நேரே எங்கள் கோயிலான நிழல்தாங்கலுக்குக் கூட்டிப்போய், நெற்றியில் நாமம் இட வைத்து, கள்ளு சாராயம் பிராந்தி எதையும் தொடமாட்டேன் என்று அய்யா மேல் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும் பொறுப்பையும் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டாள்.

அண்டியாபீசை விட்டாள். செல்வதாஸ் சொல்லிக் கொடுத்தபடி அவனைப் பார்த்துக்கொண்டாள். உப்பில்லாமல் பொங்கினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள், வாய் துடைத்தாள், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். அந்த ஆள் சொன்னதெல்லாம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பொன்னுலிங்கம் மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தான். ஆறு மாதம் அவன் வாயில் ஒரு துளி போகவில்லை. தங்கை சந்தையில் என்னைப் பார்த்தபோது, “அண்ணா, ஆளு பொழச்சிட்டாரு” என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றேன்.

அதற்குப் பிறகுதான் கிறிஸ்துமஸ் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு ஒரு மாதம் முன்பே வைன் போட்டு வைப்பார்கள். அதைச் செல்வதாஸ் வானொலியில் சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டார். ஆனால் மது சமாச்சாரம் எதையும் பேசக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடாம். அதனால் கெட்டிக்காரர் வைன் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, சர்ச்சில் ராப்போசனம் கொடுக்கும்போது சொல்வதுபோல் திராட்சை ரசம் என்று சொல்லிவிட்டார். கறுத்த திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வை, தினமும் மரக்கரண்டியால் கிளறு, அடுப்பே வேண்டாம். கேட்ட கிறிஸ்தவர்கள் சிரித்திருப்பார்கள். என் தங்கைக்கு ரசம் என்றால் சோற்றில் விட்டுப் பிசைவது, இல்லையென்றால் பழச்சாறு. பரணியில் மூடி வைப்பதால் இது அரிஷ்டம் மாதிரி ஒரு மருந்து என்று நினைத்துக்கொண்டாள். புருஷனுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னது அவள் மனதில் இருந்தது.

அவள் மடச்சி இல்லை. நிகழ்ச்சிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். சுகமில்லாதவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். என்ன சுகக்கேடு என்று ஒரு வார்த்தை அந்த மகான் திருப்பிக் கேட்கவில்லை.

“தாராளமா குடுக்கலாம் மக்கா. காலைல ஒரு அவுன்ஸ், ராத்திரி ஒரு அவுன்ஸ். ரத்தம் ஊறும், நல்லா உறக்கமும் வரும்.”

இதை என் தங்கை பிறகு எத்தனை தடவை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள் தெரியுமா? அந்தக் குழைவோடு சொல்லிக் காட்டுவாள். கேட்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

வடசேரிச் சந்தைக்கே போய் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்தாள். பரணியைக் கழுவி வெயிலில் காய வைத்துப் போட்டாள். பதம் வந்ததும் வடிகட்டி அவனுக்கு முதல் அவுன்ஸைக் கொடுத்தாள். மாத்திரை என்றாலே முகத்தைத் திருப்புகிறவன் அதை மறுபேச்சில்லாமல் குடித்தான். மறுநாள் அவள் மறந்தாலும் அவனே நினைவுபடுத்தினான். நீ என்னை நல்லாப் பாக்கிய என்று அவளிடம் சொன்னானாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அவள் உச்சி குளிர்ந்து போய் அவுன்ஸைக் கூட்டினாள். பரணி தீர்ந்ததும் இன்னொரு பரணி போட்டாள்.

தை பிறக்கும் முன்பே அவன் ரத்த வாந்தி எடுத்தான்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். ஆள் குடித்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று தேவகனி அய்யா மேல் சத்தியம் செய்தாள். டாக்டர் நம்பவில்லை. ஆறு மாதம் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்ட தனக்குத் தெரியாமல் எங்கே குடிப்பார் என்று சண்டைக்கே நின்றாள். என்னைக் கூப்பிட்டனுப்பி, வீட்டிலிருந்து அந்த ரசக் குப்பியை எடுத்து வரச் சொன்னாள். அவர் உள்ளே சாப்பிட்டது இது ஒன்றுதான், வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர் கையில் கொடுத்தாள். வழியிலேயே மூடி கசிந்து எனக்கு வாசம் வந்துவிட்டது. நான்தான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். இது வைன் அம்மா என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் தங்கை குப்பியைத் திருப்பி வாங்கி, அதைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் நேரே கருங்கலுக்கு பஸ் ஏறினேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன், மறைப்பானேன். செல்வதாஸ் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை. ரசம் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும் என்றார். வைன் என்று தான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை என்றார், அதுவே தனக்குச் சாட்சி என்பதுபோல. எங்கள் வீட்டில் தெரியாது என்றேன்.

“உமக்க தங்கச்சிக்குத் தெரியாது, சரி. குடிச்சவனுக்குமா தெரியாது?”

ஓங்க நினைத்த கை எனக்கு எழும்பவில்லை. அந்த ஆள் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

திரும்பி வந்தபோது தேவகனி ஈரத்துணியால் அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்வதாஸ் சொன்னதை அவன் காதில் விழும்படியே சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“இஞ்ச பாருங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் கண்ணைத் திறந்தான்.

“மொத மடக்குலயே தெரியும்.”

“பின்ன எதுக்கு எங்கிட்ட செல்லல்ல?”

“செல்லியிருந்தா நீ தந்திருக்க மாட்டியே.”

அவன் குரலில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னான். தேவகனி மீதி விரல்களையும் துடைத்து முடித்தாள். துணியை வாளியில் அலசிப் பிழிந்து கட்டில் கம்பியில் விரித்துப் போட்டாள்.

“அண்ணா, வேணும்னா நீ பாத்துக்க. இனி எனக்க கையால இவருக்குப் பச்ச வெள்ளம் கெடையாது.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எத்தனை வருஷமாக நான் சொன்னதை ஒரே நிமிஷத்தில் செய்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உலகத்தில் நான் கூடவே இருக்க விரும்பாத ஒருவனோடு அந்த அறையில் மாட்டிக்கொண்டேன் என்ற ஆத்திரம்தான் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் நினைத்தேன்.

“மச்சான், இச்சிரி வெள்ளம்,” என்றான்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவன் தலையைத் தூக்கிப் பிடித்து நீட்டினேன். வாயில் வைக்கும் முன் அவன் அதை ஒருதரம் முகர்ந்து பார்த்தான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.