பாதி எரிந்த ஏழாவது விளக்கு

எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவள் வேலை. அதனால் கம்பெனி முழுக்க அவள் ஈயக்கா. பதினெட்டு வருஷத்தில் அவள் கைபட்ட போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கம்பெனி புதிதாகச் செய்த கம்ப்யூட்டர்தான் அந்தப் பேரில் மண்ணை அள்ளிப் போட்டது. நன்றாக ஓடும், திடீரென்று உறைந்துபோகும். திரையும் கூடவே செத்துவிடும். என்ன நடந்ததென்று யாரைக் கேட்பது?

“பத்தவெச்சதுலதான் கோளாறு,” என்றான் வரைபடம் போட்ட இன்ஜினியர்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்,” என்றார் முதலாளி.

ஈயக்கா வீட்டில் கிடந்த மீட்டர் பெட்டி மூடியைக் கொண்டுபோய், லேத் பட்டறையில் இருந்த கணவனிடம் நீட்டினாள்.

“இதுல பதினாறு ஓட்டை போட்டுக் குடுங்க.”

“என்னடி, சல்லடை வியாபாரமா?”

“ஆமா. அரிசி எது, கல்லு எதுன்னு சலிக்கணும்.”

ஓட்டைக்கு ஒன்றாகப் பதினாறு குட்டி விளக்குகள். போர்டின் பதினாறு கம்பிகளோடும் அவற்றை இணைத்தாள். கம்பியில் மின்சாரம் வந்தால் எரியும், இல்லையென்றால் அணையும். கீழே ஒரு பட்டன். ஒருமுறை அமுக்கினால் கம்ப்யூட்டர் தன் வேலையில் ஓர் அடி மட்டும் வைத்து நிற்கும்.

வியாழன் காலை அதைப் பார்த்து இன்ஜினியர் சிரித்தான். “என்னக்கா, லிஃப்ட்டா? என்னை மூணாவது மாடில விட்ருங்க.”

“மொதல்ல தரைக்கு எறங்கி வா தம்பி.”

அமுக்கினாள், எண்ணினாள். சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. முன்னூற்றுப் பன்னிரண்டாவது அமுக்கலில் ஏழாவது விளக்கு எரியவும் இல்லை, அணையவும் இல்லை. அரை உயிராக மினுங்கியது.

என் கையேதானோ? அந்த இடத்தில் மறுபடி ஈயம் வைத்தாள். அதே மினுங்கல். வேறு போர்டு மாட்டினாள், இன்னொன்றும் மாட்டினாள். அதே ஏழு.

“மூணு போர்டுலயும் ஒரே எடத்துலயா என் கை தவறும்?”

இன்ஜினியர் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினான். ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் ஊசலாடாமல் பிடித்துவைக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ஆறில் இருந்தது, எட்டில் இருந்தது. ஏழில் அவன் வரையவே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

“திரை சாகாம இருந்திருந்தாலும் ஒண்ணு, இல்லன்னா சைபர்னுதான் காட்டும்க்கா. பாதின்னு காட்டாது.”

அவனே எழுந்து முதலாளி அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. “தப்பு என்னோடது சார். அக்கா கை சுத்தம்.”

ரெசிஸ்டர் வைத்த போர்டு சாயங்காலம்வரை நிற்காமல் ஓடியது. முதலாளி வந்தார், மூடியைத் தடவிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “இதே மாதிரி மேசைக்கு ஒண்ணு பண்ணிடும்மா. நாலு.”

ஈயக்கா வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

“இன்னும் அறுபத்துநாலு ஓட்டைங்க.”

“அப்ப நெசமாவே சல்லடை வியாபாரந்தானா?”