கையை உடைத்தவரே கைலியும் கட்டிவிட்டார்

எனக்கு நோய் வந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் என் கடையில் சாப்பிட்டவர்கள்தான். அந்தமானில், போர்ட் பிளேரின் ஷாதிபூர் இறக்கத்தில் அப்போது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். மத்தியானம் சோறு, மாலையில் பரோட்டா. ஒருநாள் சாத்தம் மர ஆலையிலிருந்து வந்த ஒருவர் குழம்பை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“பாய், கடல் பக்கத்துலதான் இருக்கு. அதுக்காக அதையே மொண்டு ஊத்தணுமா?”

நானும் ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தேன். உப்பே தெரியவில்லை. இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அன்றைக்கு என் கடையில் தண்ணீர்தான் அதிகம் செலவானது.

சாயங்காலம், கொதிக்கும் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு பல் கிட்டிப் போகும் அளவுக்குக் குளிரில் நடுங்கினேன். பிறகு நெருப்பாய்ச் சுட்டது. பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமில்லை, நன்றாக இருந்தேன். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் குளிர். ‘ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதென்றால் அதற்கும் நம் மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி முறை வைத்துக் காய்ச்சல் வந்தால், அந்த நல்ல நாளை நம்பாதீர்கள். அது ஏமாற்றுகிற நாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் லிட்டில் அந்தமான் தீவிலிருக்கும் ஹட் பே போய் வந்திருந்தேன். காட்டைத் திருத்திக் குடியேற்றம் போடும் ஆட்களுக்குச் சமைக்க ஒரு கான்ட்ராக்டர் கூட்டிப் போயிருந்தார். அங்கே கொசு கடிக்கும்போது, இது நம்மோடு கப்பலேறி வரும் என்று யார் நினைத்தார்கள்!

கடையில் எனக்குத் துணை என் மனைவியின் தம்பி கமால். கெட்டிக்காரன். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டதும் காதோரம் வந்து சொன்னான்:

“மச்சான், காய்ச்சல்னு வெளிய மூச்சு விட்றாதீங்க. காய்ச்சக்காரன் கையால எவன் திம்பான்? கேட்டா பல்வலின்னு சொல்லிருவோம்.”

சொன்னோம். ஊரே என் பல்லுக்காக அனுதாபப்பட்டது. ஒருவர் கிராம்புகூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்து நடந்ததில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மீதியை மற்றவர்கள் சொன்னதைக் கொண்டு நிரப்பியிருக்கிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்துவிட்டது போலவும், அதிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் என் கடைக்குள் நுழைந்து பரோட்டா கேட்டுக் கத்துவது போலவும் எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு சைக்கிள் மெக்கானிக் சக்கரம் ஒன்றைத் தலைமேல் வைத்துப் போயிருக்கிறார். என் கண்ணுக்கு அது என் பரோட்டாக் கல்! கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று, கோழி வெட்டும் பெரிய கத்தியோடு நடுத்தெருவில் இறங்கி அவரை மறித்திருக்கிறேன். பாவம் அந்த மனிதர், சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடினார். அது இறக்கத்தில் தனியாக உருண்டு போனதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன். என் கல் என்னை விட்டு ஓடுகிறதே என்று அழுகை வந்தது.

கமால் போலீஸ் தாணாவுக்கு ஓடினான். அங்கே போய், “எங்க மச்சான் கத்தியோட ரோட்டுல நிக்கிறார்” என்றான். காய்ச்சல் என்று சொல்லவில்லை. பத்து நாளாகப் பல்வலி, பல்வலி என்று சொல்லிப் பழகிய நாக்கு, அந்த அவசரத்திலும் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டது. கத்தி என்ற ஒரு வார்த்தைதான் தாணாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று பேர் வந்தார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு தரோகா, அதாவது சப் இன்ஸ்பெக்டர். அவரோடு இரண்டு கான்ஸ்டபிள்கள், கையில் லத்தி. தரோகா, “சாக்கு ஃபேக்கோ!” என்று கத்தினார். கான்ஸ்டபிள்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள், பெயர் முத்தையா. அவர், “கத்தியைக் கீழ போடுங்க பாய்!” என்று தமிழிலும் சொன்னார். நான் கத்தியை உயர்த்தி, “உக்காருங்க, உக்காருங்க, உங்களுக்குத்தான் அடுத்த பிளேட்டு” என்றேனாம். அதைச் சொல்லிக்கொண்டே தரோகாவை நோக்கி நடந்தேனாம்.

தரோகாவின் கை இடுப்புக்குப் போனது. “சாப், ஏக் மினிட்” என்று சொல்லிவிட்டு முத்தையா பக்கவாட்டில் பாய்ந்து லத்தியை இறக்கினார். ஒரு அடிதான். கத்தி விழுந்தது. கையும் விழுந்தது. முத்தையா என்னைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்ததும் பதறிப்போய், “சாப், இது சாராயக் கேஸ் இல்ல. அடுப்பைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு!” என்று கத்தினார். அதே ஜீப்பில் என்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவர்தான்.

எனக்கு நினைவு திரும்பியபோது காதுக்குள் ஆயிரம் சில்வண்டு கத்தியது. அது கொய்னா மருந்தின் வேலை என்று பிறகு தெரிந்தது (மலேரியாவுக்கு ஊசி வழியாகவும் பாட்டில் வழியாகவும் ஏற்றும் கசப்பு மருந்து, ஏற்றினால் காது இரையும், பயப்பட வேண்டாம்). வலது கையில் மாவுக்கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் என் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“நீங்க யாரு?” என்றேன்.

“உங்க கையை உடைச்சவன்” என்றார். “கஞ்சி குடிக்கிறீங்களா?”

சட்டப்படி நான் அப்போது கைதி. கைதி நோயாளியாக இருந்தால் காவலுக்கு ஒருவர் வேண்டும். உடைத்தவரையே காவல் போட்டிருந்தார்கள். இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்காது, அது எங்கள் இருவரில் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

டாக்டர் வங்காளி. தீவு இந்தியில்தான் பேசுவார், தமிழில் தருகிறேன். எனக்கு வந்தது மூளை மலேரியா என்றார் (கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளையின் நுண்ணிய குழாய்களை அடைத்து, நினைவைக் கலங்க வைக்கும் நிலை). “பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. கொசு” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் புலம்புகிறவரை அப்படிச் சொல்லித் தேற்றுங்கள்.

கையைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறியது. கட்டுக்கு வெளியே என் மணிக்கட்டு வாடின வாழையிலை போலத் தொங்கியது. விரலை மடக்க முடிந்தது. மேலே தூக்க முடியவில்லை. ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார் (மேல்கை எலும்பைச் சுற்றி இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு).

“நசுங்கியிருந்தால் திரும்பி வரும். அறுந்திருந்தால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. எது என்று இப்போது தெரியாது. காத்திருக்க வேண்டும்.”

“எவ்வளவு நாள் டாக்டர் சாப்?”

“நகம் வளர்வதைப் பார்த்திருக்கிறாயா? அவ்வளவு வேகம்தான். நரம்புக்கு அவசரம் தெரியாது.”

பரோட்டாவை வீசுவது மணிக்கட்டுதான். தோள் இல்லை, விரல் இல்லை. மணிக்கட்டு எழும்பாதவன் பரோட்டா போட முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. கமாலும் குடும்பமும் சாப்பிடுவது அந்த ஒரு மூட்டிலிருந்துதான்.

டாக்டர் முத்தையா பக்கம் திரும்பினார். “அரே, நோயாளியை, ஒரு பீமார் ஆளை லத்தியால் அடிப்பாயா? ஒரு போர்வையைத் தூக்கிப் போட்டுப் பிடித்திருக்கலாமே!”

“சாப், பீமார்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?” என்றார் முத்தையா. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் குடித்தனம் தொடங்கியது. குடித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒற்றைக் கையால் கஞ்சி குடிக்கலாம், பீடி பிடிக்கலாம், கொசு அடிக்கக்கூட முடியும். கைலி கட்ட முடியாது. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுந்து நின்றால் கைலி ஒரு பக்கம் போகும், மானம் இன்னொரு பக்கம் போகும். எனவே காலையில் டூட்டிக்கு வந்ததும் முத்தையா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என் இடுப்பில் முடிச்சுப் போடுவார். மலையாள நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இங்கனெ ஒரு போலீசை நான் கண்டிட்டில்ல. எனிக்கும் ஒரு கேஸ் போடு சாரே, துணி மடக்கான் ஆளில்லா.”

நான் அவரை ஏட்டய்யா என்று அழைப்பேன். அவர் ஏட்டு இல்லை. “அந்தப் பதவியைக் கவர்மெண்டு குடுக்கல, ஒரு பரோட்டாக்காரன் குடுத்துட்டான்” என்பார்.

எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லாடித் தோற்றபோது எனக்குக் கோபம் பொங்கிவிட்டது.

“டாக்டர் சொன்ன மாதிரி ஒரு போர்வை போட்டிருக்கலாம்ல ஏட்டய்யா? மூணு பேரு இருந்தீங்களே!”

அவர் என் சட்டையைப் பிடித்து நேராக்கினார். பொத்தானை மாட்டி முடித்தார்.

“போட்டிருக்கலாம் பாய். அப்பத் தோணல. தரோகா கை இடுப்புக்குப் போச்சு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சுது. மணிக்கட்டைத்தான் குறி வெச்சேன். நீங்க திரும்பிட்டீங்க, மேல்கையில விழுந்துருச்சு.”

“அப்ப தப்பு என்மேலதானா?”

“இல்ல. லத்தி என்னுது.”

எனக்கு அன்றும் இன்றும் இரண்டும் உண்மைதான். அவர் என் உயிரைக் காப்பாற்றினார். அவர் என் கையை உடைத்தார். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்தால், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரோடு டீ குடிக்கலாம். குடித்திருக்கிறேன்.

கமால் வந்தபோதெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணைக் கசக்குவான். “காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்று ஆரம்பிப்பான். “சரிடா, இப்பப் பல்வலி எப்படி இருக்குன்னு கேளு” என்பேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவனுக்குப் புரையேறும். காய்ச்சல்காரர் வீட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் அடுக்களைக் கத்தியை ஒளித்து வையுங்கள், காய்ச்சலை ஒளித்து வைக்காதீர்கள். யாரைக் கூப்பிட்டாலும் வாயிலிருந்து வரும் முதல் சொல் காய்ச்சலாக இருக்கட்டும்.

வழக்கு நிலைக்கவில்லை. சைக்கிள் மெக்கானிக் தாணாவுக்குப் போய், “புகார் ஒண்ணும் வேணாம் சாப். சக்கரம் கோணல்கூட ஆகல” என்று சொல்லிவிட்டார். எனக்குக் காவல் போனது. ஆனால் முத்தையா போகவில்லை. டூட்டி முடிந்து கைலியோடு வந்து உட்கார்ந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்ததும் மணிக்கட்டைத் தாங்க ஒரு பலகை வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரித் தச்சர் படாக் மரத்தில் இழைத்துக் கொடுத்தார். சிவப்பாக, வழவழவென்று, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகலாம் போல இருந்தது. ஒரு நாளைக்குப் பல தடவை அதைக் கழற்றிவிட்டு, “தூக்கு” என்று என் கைக்கு நான் உத்தரவு போட வேண்டும். கை கேட்காது. முத்தையா தன் குரலில் போட்டுப் பார்ப்பார். “உட்டோ! எந்திரி!” அதற்கும் கேட்காது. “லத்தி கொண்டு வரவா?” என்று கேட்டார் ஒருநாள். அடுத்த கட்டில்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வாரங்கள் போயின. வீடு திரும்பினேன். கடையைக் கமால் பார்த்துக்கொண்டான்; அவன் பரோட்டா தீவுகளின் வரைபடம் போல இருக்கும். நான் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் டீ குடிப்பேன். தொழுகையில் இரண்டு கையையும் தூக்கும்போது ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று தலை குனிந்து நிற்கும். அது அறுந்துதான் போயிற்று என்று மனதுக்குள் முடிவு கட்டத் தொடங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் டீ டம்ளரில் ஈ வந்து உட்கார்ந்தது. இடது கையில் பிஸ்கட் இருந்தது. யோசிக்காமல் வலது கையால் ஓட்டினேன். ஈ பறந்தது.

எதிரில் இருந்த முத்தையா, “பாய்!” என்றார். “என்ன?” என்றேன். “மறுபடி ஓட்டுங்க!” ஈ இல்லை. இல்லாத ஈயை ஓட்டினேன். மணிக்கட்டு ஒரு நெல்லின் அகலம் எழும்பி, நடுங்கி, விழுந்தது. முத்தையா பெஞ்சின் மேல் ஏறி நின்று, “வந்துருச்சு! வந்துருச்சு!” என்று கத்தினார். தெருவில் போனவர்கள் கப்பல்தான் வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். கமால் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். டாக்டரிடம் போனோம். நசுங்கல்தான், அறுபடவில்லை என்றார். மணிக்கட்டுக்குப் பிறகு விரல்கள், கடைசியில் கட்டைவிரல். அவர் சொன்ன வரிசைப்படியே வந்தன.

இப்போது நான்தான் பரோட்டா போடுகிறேன். கை முழுசாகப் பழையபடி ஆகவில்லை. மனம் ஒன்றை நினைத்தால், கை அதைக் கேட்டு, யோசித்து, பிறகுதான் எழும்புகிறது. முன்பெல்லாம் என் உடம்பும் நானும் ஒரே ஆள் என்று நினைத்திருந்தேன். இப்போது அது என்னோடு தங்கியிருக்கும் ஒருவர். நல்லவர், கொஞ்சம் நிதானமானவர். இந்த இடைவெளியில் அடுப்புச் சத்தம் கேட்கிறது, வெளியே மழை தூறுவது தெரிகிறது. இவையெல்லாம் முன்பும் இருந்திருக்கும், எனக்குத்தான் நேரம் இருந்ததில்லை.

நேற்றுகூட மர ஆலை ஆட்கள் மேசையைத் தட்டினார்கள்.

“பாய், எவ்வளவு நேரம்? பரோட்டா என்னாச்சு?”

“கைகிட்ட சொல்லிவிட்டிருக்கேன்” என்றேன். “வந்துக்கிட்டே இருக்கு.”