கையில் வைத்த சாவி

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஆஸ்பத்திரி டிரெஸர், டாக்டருக்குக் கீழே கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவன். வலிப்புக்குக் கொடுக்க மருந்து இல்லை. என் வாய்ப்பேச்சுக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை. ஞாயிறுதோறும் காஜா பெராங்கில் என் வீட்டு வாசலிலேயே ஜனங்களைக் கூட்டிப் பேசுவேன்.

“வலிப்பு பேயில்லை, மூளையில் வரும் நோய். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பைத் திணித்து விரலை மூடாதீர்கள்” என்று சொல்லி, ஒரு இரும்புச் சாவியைத் தூக்கிக் காட்டுவேன். “இதற்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?” எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒருநாள், மரவள்ளிக்கிழங்கு விற்கும் பூங்காவனம் சிரிக்கவில்லை. அவள் மகனுக்கு வலிப்பு.

“பிள்ளைய வெளிய விட வெட்கமா இருக்கு, டிரெஸர் ஐயா. உங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ள இருந்தா விடுவீங்களா?”

“தாராளமா விடுவேன்.”

“அப்ப நானும் விடுறேங்க” என்று கும்பிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் அதே சாவியால் உள்ளறையைத் திறந்தேன். என் மகள் சாரதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷமாக வலிப்பு. ஜப்பான்காரனுக்குப் பயந்து பூட்டி வைக்கிறேன் என்று ஊர் நினைத்தது. கல்யாணம் ஆகவேண்டிய பெண் என்று நானும் அப்படியே நினைக்க விட்டேன். பலகைச் சுவர், எல்லாம் கேட்டிருக்கும்.

“அந்தப் பையன வெளிய விடுவாங்களாப்பா?”

“விடுவாங்க.”

“நல்லதுப்பா” என்றாள்.

அடுத்த ஞாயிறு, வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் நான் சொல்லாமலே அவள் சாவியை எடுத்துவந்தாள். என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டு உள்ளே போனாள்.

நான் பூட்டினேன்.