சிட்டு என்று கூப்பிட்டால்

எங்கள் வீட்டில் சிட்டு என்ற பேருக்கு மூன்று அர்த்தம். என்னைக் கடைக்கு அனுப்பும்போது "சிட்டாப் பறந்து வந்துடணும்" என்பார் என் கணவர், அது வேகம். நாலு வயது மகளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் சிட்டு. மூன்றாவது, வாசல் கிரில் கேட்டுக்கு எதிரே தொங்கிய கேபிள் ஒயரில் கூடு கட்டிய தேன்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு எங்களை வாசலை விட்டே துரத்திவிட்டது.

குருவி கூடு கட்டின வாசலில் புழங்கக்கூடாது என்பது என் கணவர் வீட்டு வழக்கம். குஞ்சு பறக்கும்வரை கேட்டுக்குப் பூட்டு, போக்குவரத்தெல்லாம் கொல்லை வழியாக. "சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி வரணுமா?" என்று நான் கத்தாத நாளில்லை. எங்கள் ஊர் நெடுங்காட்டில் கொல்லையை ஒட்டியே வாய்க்கால். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்ததால் மகளுக்கு அதுதான் விளையாட்டு இடம்.

அன்று வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வந்தது. தெருவே கரைக்கு ஓடியது. நானும் ஓடிப்போய்ப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தால், கூடத்தில் பொம்மையோடு விட்டுவந்த மகளைக் காணோம். நான் சாத்தாமல் விட்டுப்போன கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

"சிட்டு! ஏ சிட்டு!" கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறையில் இல்லை, அடுத்த வீட்டிலும் இல்லை. மறுபடி கரைக்கு ஓடினேன். தண்ணீர் நுரையும் சருகுமாக இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. ரோஸ் நிறத்தில் ஏதோ மிதந்தது. அவள் கவுனும் ரோஸ்தான். கரையில் நின்ற என் கணவர் சட்டையோடு குதித்து அதை எடுத்தார். கிழிந்த பிளாஸ்டிக் பை. சற்றுமுன் கும்பிட்ட தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது தெருப்பக்கமிருந்து எதிர்வீட்டுப் பெண் கத்தினாள். "அக்கா, உங்க வாசல்லதான் உக்காந்திருக்கா!"

பூட்டிய வாசலைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குள் ஓடி, தாழ் போடாமல் சாத்தியிருந்த முன்கதவைத் திறந்தேன். கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். "எவ்வளவு நேரமா கூப்பிடுறேன், காது கேக்கலயாடி?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "கேட்டுச்சும்மா. கூட்டுக்கிட்ட சத்தம் போடக்கூடாதுன்னு நீதான சொன்ன. சிட்டு பயந்துடும்ல?"

அங்கேயே உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்கும் "மெதுவா அழும்மா" என்றாள்.

குஞ்சுகள் பறந்துவிட்டன. வாசலைத் திறந்துவிட்டோம். ஆனால் இன்றைக்கும் நான் சிட்டு என்று கூப்பிட்டு, அவள் "என்னம்மா" என்று சொல்லக் கொஞ்சம் தாமதமானால், என் கால் தானாகக் கொல்லைப்பக்கம் போகிறது.