மைக் வயரில் நான் வெட்டிய இடம்

நான் வயர்மேன். பெங்களூரில், ஆஸ்டின் டவுனில் வீடு. முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தோண்டி வயர் இழுக்கிறேன். ஏழாவதோடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. இதை மட்டும் எழுதி வைக்கத் தோன்றியது.

என் மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீசில் இருந்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். முதுகுவலி வந்துவிட்டது. அவளுக்கு நல்ல குரல். பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடங்களை வீட்டிலிருந்தே வாசித்து, பதிவு செய்து அனுப்பும் வேலை ஒன்று வந்தது. மைக் வாங்கி, பின்னறையில் உட்கார்ந்து மாதிரிக்கு ஒன்று வாசித்து அனுப்பினாள். பிடித்துப் போயிற்று. அதை நம்பி ஆபீசை விட்டாள். ஆனால் நிலையான வேலைக்கு முன்னால் மூன்று பாடம் சோதனை. மூன்றில் ஒன்றாவது தேற வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

பின்னறையை அவளுக்கே விட்டோம். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டாள். ஒரு மூலையில் மேஜை. அதில் லேப்டாப், மைக்கைச் சேர்க்கும் சின்னப் பெட்டி. லேப்டாப் இரைச்சல் விழக்கூடாது என்று எதிர் மூலையில் மைக். ஸ்டுடியோ என்று அவள் சொன்னாள்.

தரை முழுக்க வயர். மைக் வயரே ஐந்து மீட்டர். என் மனைவி சோற்றுக் குண்டானோடு போகும்போது அதில் கால் சிக்கித் தடுமாறினாள்.

"ஊரு வூடெல்லாம் நீட்டா பண்றீங்க. நம்ம வூட்ல பாரு, பாம்புப் புத்து."

அது எனக்குச் சுருக்கென்றது. தொங்குகிற வயர், சுருண்டு கிடக்கிற வயர் எனக்கு ஆகாது. மகள் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸ் போன நாளில் வேலையை எடுத்தேன். சுவர் ஓரமாக, வயரை உள்ளே வைத்து மூடுகிற பிளாஸ்டிக் பட்டி அடித்தேன். கரண்ட் வயர், மைக் வயர் எல்லாம் ஒரே பட்டிக்குள். மைக் வயரில் ஒரு மீட்டர் மிச்சம். நடுவில் வெட்டி மிச்சத்தை எடுத்தேன்.

உள்ளே இரண்டு மெல்லிய வயர். அதைச் சுற்றிச் செம்பு வலை. மண்ணுக்குள் போடும் கேபிளுக்கு மேல் இரும்புக் கம்பி சுற்றியிருக்கும். கடப்பாரை படாமல், எலி கடிக்காமல் இருக்க. இதுவும் அந்த மாதிரிதான் என்று நினைத்தேன். வீட்டுக்குள் எதற்கு? ஜாயின்ட் தடித்தால் பட்டி மூடாது. வலையை இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிப் போட்டேன். வயரோடு வயர் முறுக்கி டேப் சுற்றினேன். இழுத்தாலும் வராது. பட்டியை மூடினேன்.

மகள் வந்து பார்த்தாள். "சூப்பர்ப்பா. ஆபீஸ் கணக்கா இருக்குது."

வெட்டியதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே படவில்லை.

முதல் பாடம் திரும்பி வந்தது. பின்னால் ஒரு இரைச்சல் கேட்கிறது என்றார்கள். ஃபேனை நிறுத்தி வாசித்தாள். வேர்த்துக் கொட்டியது. ஃபிரிட்ஜை நிறுத்தினாள், பால் திரிந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் போய் மிக்ஸி போடாதீர்கள் என்று கேட்டாள். "ஆய்த்தும்மா, நீ முடிச்சப்புறம் சட்னி அரைச்சுக்கறேன்" என்றார் அவர். இரண்டாவதும் திரும்பியது. அதே இரைச்சல்.

மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்குள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மகள் சாப்பிடவில்லை. பழைய ஆபீஸ் நம்பரை போனில் எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை காலை நானே உட்கார்ந்தேன். ஃபால்ட் தேடுவது என் தொழில். எர்த் பார்த்தேன், சரியாக இருந்தது. லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைத்தேன். மகள் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டாள்.

"நின்னுச்சுப்பா!"

போட்டேன். இரைச்சல் திரும்ப வந்துவிட்டது என்றாள். அப்படியென்றால் கரண்ட்தான். எந்த வழியாக உள்ளே போகிறது? பட்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டே வந்தேன். மூடியைக் கழற்றி, ஒரு இடத்தில் வயரின் மேல் கை வைத்தேன்.

"ஏம்ப்பா, இன்னா பண்ணே? சத்தம் மாறுது."

என் கை ஜாயின்ட்டின் மேல் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எனக்குப் புரியவே இல்லப்பா. மொத சேம்பிள் இதே ரூம், இதே மைக். அப்ப ஒண்ணுமே இல்ல."

எனக்குப் புரிந்தது. நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. வெளியே போய் டீக்கடையில் நின்றேன். டீ வாங்கிக் கையில் வைத்திருந்தேன். ஆறிப் போனது. மணி பன்னிரண்டு. திரும்பி வந்தேன்.

"மைக் வயரை நான் வெட்டினேன். நடுவுல ஜாயின்ட் இருக்குது."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். பட்டிக்குள் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைல புது வயர் கெடைக்கும். சீக்கிரம் போப்பா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை கூட்டம். வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போனது. முதல் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் ஜாயின்ட்டோடு நான் வெட்டிக் கொண்டுபோன துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அரே, யாருண்ணா இத வெட்டுனது?"

"ஒரு வயர்மேன்."

"இந்த ஜாலிய, செம்பு வலைய, வுட்டுட்டானே! கரண்ட் சத்தத்த உள்ள வுடாம தடுக்கறதே இதுதாண்ணா. இதுல கரண்ட் வயரையும் கூடவே கட்டியிருப்பானே?"

"கட்டியிருந்தான்."

"அந்தாள இனிமே வூட்டுக்குள்ள சேக்காத."

"அவன் வூடுதான் அது."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டார். புது வயரை இரண்டு முனையும் டெஸ்ட் பண்ணிக் கொடுத்தார். "மிச்சம் நீளம் இருந்தா அப்படியே கெடக்கட்டும். கரண்ட் வயர்கிட்டருந்து தள்ளிப் போடு. தாண்டித்தான் ஆவணும்னா குறுக்கால தாண்டு, கூடவே ஓட வுடாத."

வீடு வர இரண்டே கால். மைக் வயரை அறையின் நடுவில் தரையோடு போட்டேன். மிச்சத்தை மைக் பக்கம் சுருட்டி வைத்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. மகள் ஹெட்போன் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"இல்லப்பா" என்றாள். சரியாகவில்லை என்று நான் மறுபடி வயர்ப் பக்கம் குனிந்தேன். "சத்தம் இல்லன்னு சொன்னேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நானும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் மனைவி என் கையைப் பிடித்தாள். நாய் குரைத்தது. ஒருமுறை உள்ளே பேச்சு நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. அனுப்பிவிட்டேன் என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு பதில் இல்லை. திங்கட்கிழமை மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் வேலை. ஒரே ஸ்விட்சை இரண்டு தடவை தப்பாக மாட்டினேன். ஏணி மேல் இருக்கும்போது போன் வந்தது. மகள்.

"எடுத்துக்கிட்டாங்கப்பா. இன்னிக்கே நாலு பாடம் அனுப்பியிருக்காங்க."

"ம்."

"ஆனா ஒண்ணு. இனிமே என் ரூம்ல எதுனா தொடறதுன்னா என்னைக் கேட்டுட்டுத் தொடு. புரிஞ்சுதா?"

"கேக்கறேம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். அந்த ஸ்விட்சை மூன்றாவது தடவை, சரியாக மாட்டினேன்.