நான் கூட்டிப்போன மலையூர்

ஆக்லாந்தை விட்டுப் போகிறோம் என்று நான் சொன்னபோது நண்பர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரில் சொந்த வீடு, தலைக்கு மேல் மார்ட்கேஜ், சமையலறை மேஜையில் லேப்டாப் என்று இருந்தவன் நான். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள், அப்போது பதினொரு வயது.

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொன்னார். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் கடல் உள்ளே புகுந்து சதுப்பு மரங்களுக்கு நடுவே குளம்போல நிற்கும். அலை கிடையாது, இழுப்பு கிடையாது. அங்கே சனிக்கிழமைகளில் ஒரு கயாக்கை வாடகைக்கு எடுத்து மகளோடு சுற்றி வருவேன். துடுப்புப் போட்டால் படகு போகும் என்பது அந்தத் தண்ணீரில் உண்மைதான். எனக்கு வித்தை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு குளிர்கால விடுமுறையில் நாட்டின் தெற்குத் தீவில் ஒரு சின்ன மலையூருக்குப் போனோம். ஒரே தெரு, ஒரு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம். ஊருக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்குப் பின்னால் மலை. பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தோம். அன்று நல்ல வெயில். விழுந்தாலும் வலிக்காத புதுப் பனி. மகள் மதியத்துக்குள் வளைந்து வளைந்து இறங்க ஆரம்பித்துவிட்டாள். நான் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும் விமானத்தில், "இங்கயே வந்துடலாமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்குக் குளிரும் ஆகாது, தண்ணியும் ஆகாது. நான் சிவகாசிக்காரி" என்றாள்.

விடாமல் நச்சரித்தேன். கம்பெனியில் முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். அந்த ஊர் மருத்துவ மையத்தில் நர்ஸ் வேலை காலியாக இருப்பதை அவளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவனும் நானே. கடைசியில், "சரி, பொண்ணுக்காக" என்றாள்.

கிளம்பும் முன் ஆக்லாந்தின் இன்னொரு புறநகரான பாபகூராவில் ஒரு நண்பர் தன் வீட்டுக் கராஜில் எங்களுக்கு விருந்து வைத்தார். பிரியாணிக்குப் பிறகு ஏதாவது பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "நீங்கல்லாம் வாழல. மோட்டார்வே டிராஃபிக்ல நின்னுக்கிட்டு இருக்கீங்க. வாழ்க்கைன்னா என்னன்னு நாங்க பார்க்கப் போறோம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டைப் பார்த்தார்கள். ஒனிஹங்காவில் இருக்கும் என் யாழ்ப்பாண நண்பன் மட்டும், "மச்சான், உனக்கு உந்தப் பனியில சறுக்கத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"பழகினா வராதா?"

"ஓம், ஓம். வரும்" என்று என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டான். அவனுக்குப் பொறாமை என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

முதல் குளிர்காலம் வந்தது. சறுக்குமிடத்துக்குப் போகும் பாதை கப்பி ரோடு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், தடுப்பு எதுவும் இல்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்தி டயர்களுக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். வீடியோவில் பலமுறை பார்த்திருந்தேன். பனிச்சேற்றில் படுத்துக்கொண்டு விரல் மரத்துப்போய் நான் போராடிக்கொண்டிருக்க, பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கடைசியில் மகளின் வகுப்பு டீச்சர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். மகள் அவருக்கு உதவி செய்தாள்.

மேலே இருந்தது விடுமுறையில் பார்த்த பனி இல்லை. இராத்திரி உறைந்து கண்ணாடியாக இறுகிய பனி. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களை மேட்டுக்கு ஏற்றிவிட நகரும் பட்டை ஒன்று உண்டு. அதில் நின்றால் போதும், அதுவே கொண்டுபோகும். அதிலும் விழுந்தேன். பட்டையை நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் நாலைந்து வயதுக் குழந்தைகள் வரிசையாக நின்று, நான் எழுந்திருப்பதைப் பொறுமையாகப் பார்த்தன. சற்றுத் தள்ளி என் மகள் தன் சிநேகிதிகளோடு நின்றிருந்தாள். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க வரணும்னு இல்ல. உங்களுக்கு வேலை இருக்குமே" என்றாள். எப்போதும்போல ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "ஆமா, வேலை இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவளை அந்த டீச்சரே மேலே கூட்டிப்போனார்.

பனி போனால் போகட்டும், ஆறு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கோடையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆற்றில் கயாக் விடுவார்கள். பனிமலையிலிருந்து உருகி வரும் தண்ணீர். கோடையிலும் கை வைத்தால் எலும்பில் குத்தும். முதல் நாளே, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குறுகிப் பாயும் இடத்தில் கவிழ்ந்தேன். தலைகீழாக, காதெல்லாம் இரைச்சல். எப்படியோ படகிலிருந்து வெளியே வந்து ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கரையிலிருந்து கயிறு வீசினார்கள். பாறையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடி என்றார்கள். கயிறு என் தோள் மேலேயே வந்து விழுந்தது. என்னால் பாறையை விட முடியவில்லை. திரும்பவும் வீசினார்கள். என் மகள் உட்பட எல்லோரும் தங்கள் படகுகளைக் கரையோரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மனைவி அன்று பிளாஸ்கில் டீயோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். நீச்சல் தெரியாதவள். ஷூவோடு முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்து தமிழில் கத்தினாள். "கையை விடுங்க. நான் இருக்கேன், கையை விடுங்க."

விட்டேன். இழுத்துக் கரையில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம் கண்ணீர் விட்டேன் என்றால் பொய். விம்மி விம்மி, மூக்கு ஒழுக, அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். யாரோ என் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். "அடிபட்டதா?" என்று யாரோ கேட்டார்கள். அழுகைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "தோள்" என்றேன்.

வீட்டில் மனைவி என் கையைத் தூக்கிப் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது ஒரே தெரு உள்ள ஊர். என் தோள் ஊர் முழுக்கப் பரவியது. பேக்கரிக்குப் போனால் தோள் எப்படி என்பார்கள். மகளின் பள்ளிக்கூட வாசலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டம்மா சூப் கொண்டுவந்தார். குளிர் நெருங்கும் சமயம் எங்கள் வாசலில் விறகு லோடு வந்து இறங்கியது. அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டுக்காரரும் கயாக் விடும் இன்னும் இரண்டு பேரும் வந்து, நாங்கள் கேட்காமலேயே அதைக் கொட்டகைக்குள் அடுக்க ஆரம்பித்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு கட்டையைக்கூடத் தூக்க முடியாது. தூக்கினால் தோள் நன்றாக இருப்பது தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நீ ஓய்வெடு என்பதுபோலக் கை காட்டினார். பதிலுக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று ஒரு நொடி யோசித்தேன். ஆற்றங்கரையில் அழுததைவிட அந்த ஒரு நொடிதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை.

மகள் ஆற்றில் இறங்க வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது கூட இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத்தான் தோள். ஆகவே சிவகாசிக்காரி பள்ளிக்கூட நீச்சல்குளத்தில் நீச்சல் பழகினாள். அங்கேயே கயாக்கைக் கவிழ்த்து நிமிர்த்தப் பழகினாள். முதலில் முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டியவள், அடுத்த கோடையில் நான் கவிழ்ந்த அதே இடத்தைத் தாண்டிப் போய்க் கரையோரம் நின்று மகளுக்காகக் காத்திருந்தாள். அதை நான் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். மனைவியைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய நேரம். எனக்கு வந்தது பெருமை இல்லை.

அப்புறம் கம்பெனி விதியை மாற்றியது. வாரத்தில் பாதி நாளாவது ஆக்லாந்து அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று மெயில் வந்தது. படித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் மனைவியிடம் சொன்னேன். "வேற வழியில்ல, திரும்பிப் போயிடலாம்" என்றேன்.

அவள் ஈரமான கையுறைகளை அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. எங்களை ஏன் கூப்பிடுறீங்க?" என்றாள்.

"குடும்பம்னா ஒண்ணா இருக்க வேண்டாமா?"

"பொண்ணுக்கு இங்க பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு வேலை இருக்கு. எனக்கு இந்த ஊர் புடிச்சிருக்கு." கோபமே இல்லாமல் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தோள்ல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"தொட்டவுடனே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏற்கெனவே அவ்வளவு அழுதிருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, கையுறைகளைத் திருப்பிப் போட்டாள்.

இப்படித்தான் அவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் மட்டும் திரும்பி வந்தேன். மாசி வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒனிஹங்கா நண்பனுக்குப் போன் செய்தேன். "அறை சும்மாதான் கிடக்கு, வந்து இரு" என்றான். அவ்வளவுதான். கராஜில் நான் பேசியதை அவன் ஒருநாளும் எடுக்கவில்லை.

மற்றவர்கள் அப்படியில்லை. கோயிலிலும் மளிகைக் கடையிலும், "என்ன, ஸ்கீயிங் எல்லாம் முடிஞ்சுதா?" என்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல எங்க?" என்பார்கள். நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். அவர்களுக்கு உண்மையைச் சொல்வதைவிட அதை அப்படியே விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. ஒருமுறை கடையில் ஒருவர் விடாமல் துருவியபோது நண்பன்தான் இடையில் புகுந்தான். "அவை அங்கை சந்தோஷமா இருக்கினம். இவனுக்கு இங்கை வேலை" என்று சொல்லிவிட்டு அவரிடம் தக்காளி விலையைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்தான்.

போன ஆகஸ்டில், அங்கே அது நடுக்குளிர்காலம், மகளின் சறுக்குப் போட்டியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு இப்போது என் உயரம். போட்டி முடிந்து, கீழே சின்னக் கேன்டீனில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைக் கையைப் பிடித்து அவர்களிடம் கூட்டிப்போனாள்.

"இது எங்க அப்பா. இவர்தான் எங்களை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தார்" என்றாள். கிண்டல் ஏதாவது இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

நான் முன்பு பார்த்திராத ஒரு பெண்மணி, "அப்படியானால் நீங்களும் சறுக்குவீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. எனக்குப் பயம்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, நான் உட்காருவதற்காகப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.